கழுத்திலிருந்து கீழாக, கட்டுக் கட்டாக நிறம் மாறும் குரோசே சுவெட்டர்: கேள்வி பதில்

கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். முதலில் ஒன்று. இங்கே நான் ட்ரெபிள் (ஊசியில் நூலை ஒரு தடவை சுற்றிப் போடும் உயரமான கண்ணி) என்று எழுதுவது பிரித்தானிய முறை ட்ரெபிள். அமெரிக்கக் காணொளிகளில் அதே கண்ணிக்குப் பெயர் டபிள். பிரித்தானிய டபிள் அதைவிடக் கட்டையானது. இதைக் குழப்பினால் சுற்றின் உயரம் பாதியாகிவிடும், நூலும் வீணாகும்.

கல்லடி: அக்கா, கனடாவில இருக்கிற மகளுக்குப் போட்டு அனுப்பப் போறன். மார்பு 87 செ.மீ. எத்தனை செயினில தொடங்குற?

அது உங்கள் கை இறுக்கத்தைப் பொறுத்தது. போடப்போகும் எல்லா நிறங்களையும் சேர்த்து 15 செ.மீ. சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு போடுங்கள். கழுவி, காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். கழுவாமல் அளந்த துண்டை நம்ப வேண்டாம். பருத்தி நூல் கழுவிய பிறகுதான் தன் உண்மையான அளவுக்கு வரும்.

4 மி.மீ. ஊசியும் டீகே எனப்படும் நடுத்தரத் தடிப்புப் பருத்தி நூலும் வைத்து உங்களுக்கு 16 கண்ணி, 9 வரிசை வந்தது என்று வைப்போம். அப்படியானால் 1 செ.மீ.க்கு 1.6 கண்ணி. கழுத்துக்கு 60 செ.மீ. வேண்டும், ஏனென்றால் தலை நுழைய வேண்டும். எனவே 96 செயின் (சங்கிலிக் கண்ணி): பின் 32, கை 14, முன் 32, கை 14, நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று. செயினை மட்டும் 5 மி.மீ. ஊசியால் போடுங்கள். இறுக்கமான செயின் பிறகு இளகாது. முறுக்கு விழாமல் வளையமாக இணையுங்கள். சுற்றின் தொடக்கம் பின்பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றையும் இணைத்து முடித்ததும் துணியைத் திருப்பி அடுத்ததைப் போடுங்கள்.

ஒவ்வொரு மூலையிலும் ஒரு ட்ரெபிள், ஒரு செயின், ஒரு ட்ரெபிள். அடுத்த சுற்றில் அந்தச் செயின் இடைவெளிக்குள்ளேயே அதே மூன்றும். ஒரு சுற்றுக்கு 8 கண்ணி கூடும். 19 சுற்று முடிய, ஏறக்குறைய 21 செ.மீ. ஆழத்தில், முன்னும் பின்னும் 70, கைகள் 52. இப்போது கைக் கண்ணிகளை வேறு நூலில் கோர்த்து விட்டுவிட்டு, இரண்டு அக்குளிலும் 6 செயின் போட்டு உடம்பை இணையுங்கள். உடம்பு 152 கண்ணி, 95 செ.மீ. கை 58 கண்ணி, 36 செ.மீ. 87 மார்புக்கு இது இறுக்காது.

ஏறாவூர்: நிறம் மாத்துற இடத்தில பழைய நிறம் ஒரு புள்ளியா மேல தெரியுது. ஏன்?

ஒரு கண்ணி தாமதமாக மாற்றுகிறீர்கள். பழைய நிறத்தின் கடைசி ட்ரெபிளில் ஊசியில் இரண்டு வளையம் மிஞ்சும்போது நின்று, புது நூலால் அந்த இரண்டையும் இழுங்கள். ஊசியில் இப்போது இருப்பது அடுத்த கண்ணியின் தலை. அது புது நிறமாக இருக்க வேண்டும். பிறகு சுற்றை இணைக்கும் ஸ்லிப் ஸ்டிச்சும் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) புது நிறத்திலேயே.

வாழைச்சேனை: 5 வயசுப் பிள்ளைக்கு எத்தனை செயின்?

மேலே கல்லடிக்குச் சொன்ன கணக்கேதான். மாதிரித் துண்டு, கழுவல், பிள்ளையின் தலைச் சுற்றளவு.

மருதமுனை: எங்கட ஊர்க் கைத்தறி நூல் 2/40 வீட்டில நிறையக் கிடக்கு. அதைப் பாவிக்கலாமா?

இந்தச் சுவெட்டருக்குச் சரிவராது. 2/40 என்பது இரண்டு மெல்லிய இழை முறுக்கிய நெசவு நூல், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 34 மீற்றர். டீகே பருத்தி ஒரு கிராமுக்கு 2.3 மீற்றர் அளவில்தான். அந்தத் தடிப்புக்கு 14, 15 இழை சேர்க்க வேண்டும். அத்தனை இழையில் ஊசி ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு மூன்றைத் தவறவிடும். நல்ல நூல் அது, நெசவுக்கே இருக்கட்டும்.

களுவாஞ்சிக்குடி: டீச்சர், ஒவ்வொரு சுற்றும் துணியைத் திருப்பச் சொல்றீங்க. திருப்பாமப் போட்டா ஒரே முகமா எவ்வளவு வடிவா இருக்கு!

முகம் வடிவுதான். ஆனால் ட்ரெபிளின் தலை அதன் காலுக்கு நேர் மேலே உட்காராது, சற்றே பக்கம் தள்ளி நிற்கும். எப்போதும் ஒரே பக்கம் பார்த்துப் போட்டால் அந்தத் தள்ளல் சேர்ந்துகொண்டே போகும். பின்பக்கத்தில் தொடங்கிய இணைப்பு, இடுப்புக்கு வரும்போது விலாவை நோக்கி ஓடியிருக்கும். திருப்பினால் ஒரு சுற்றின் சாய்வை அடுத்தது நேராக்கும்.

களுவாஞ்சிக்குடி: ஆனா திருப்பினா நிறக் கோடு பல்லுப் பல்லாத் தெரியுதே.

சரியான கவனிப்பு. உள்பக்கம் பார்த்துப் போடும் சுற்றில் நிறம் மாற்றியதால் அப்படி. ஒவ்வொரு நிறத்துக்கும் இரட்டைப்படைச் சுற்று கொடுங்கள், 10, 12 என்று. மாற்றம் எப்போதும் வெளிப்பக்கச் சுற்றில் விழும், கோடு துல்லியமாக நிற்கும்.

அக்கரைப்பற்று: இணைக்காம, சுருளாச் சுத்திக்கொண்டு போனா இந்தச் சண்டையே இல்லையே?

ஒரே நிறத்துக்குப் போடலாம். நிறம் மாறினால் தொடக்கமும் முடிவும் ஒரு வரிசை உயரத்துக்கு, இந்த அளவில் 1.1 செ.மீ., படியாக விலகி நிற்கும். ட்ரெபிளில் அது கண்ணில் குத்தும். கட்டு நிறச் சுவெட்டரின் அழகே அந்தக் கோடுதான். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

களுவாஞ்சிக்குடி: கடைசிக் கேள்வி. திருப்பிப் போட்டா ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கண்ணி கூடுது.

சுற்றைத் தொடங்கும் 2 செயினைக் கண்ணியாக எண்ணாதீர்கள். அதன் தலையில் இணைக்கவும் வேண்டாம், முதல் ட்ரெபிளின் தலையில் இணையுங்கள்.

திருக்கோவில்: அக்குளில ஓட்டை விழுது.

6 செயினின் இரு முனையிலும் ஒவ்வொரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் அதைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்து ஒன்றாக்குங்கள். இன்னொன்று: உடம்பைப் பிரித்தது 19 சுற்றுக்குப் பிறகு என்பதால், கையின் முதல் சுற்று உள்பக்கம் பார்த்து வர வேண்டும். அதை 20ஆம் சுற்றாக எண்ணினால்தான் கையின் கோடும் உடம்பின் கோடும் ஒரே உயரத்தில் சேரும். பிறகு 3 சுற்றுக்கு ஒரு தடவை 2 கண்ணி குறைத்து, 11 தடவையில் 36 கண்ணிக்கு வாருங்கள்.

செங்கலடி: எத்தனை செயின்?

கல்லடிக்கான பதிலைப் பாருங்கள்.

கல்முனை: நூல் எவ்வளவு வாங்கணும்?

உடம்பின் கீழ்ப்பகுதி 36 செ.மீ., கை 42 செ.மீ. என்றால் முழுச் சுவெட்டரும் 10 செ.மீ. சதுரங்கள் 81 அளவு. மாதிரித் துண்டில் அந்தச் சதுரத்தின் நிறையைக் கணக்கிடுங்கள். 6 கிராம் என்றால் 486 கிராம், விளிம்புக்கும் கைத்தவறுக்கும் சேர்த்து 550. தோள்பகுதிக்கு ஏறக்குறைய 28 வீதம், கீழுடம்புக்கு 42, கைகளுக்கு 30. ஒரே நிறப் பந்துகள் எல்லாவற்றிலும் சாயத் தொகுதி எண் ஒன்றா என்று பார்த்து, ஒரே தடவையில் வாங்குங்கள்.

ஓட்டமாவடி: சிவப்பு நூல் வெள்ளையில இறங்காம இருக்க வினாகிரி போடலாமா?

பருத்திச் சாயத்தை வினாகிரி பிடித்து வைக்காது. நனைத்த சிவப்புத் துண்டை வெள்ளைத் துணியில் சுற்றி அரை மணி நேரம் அழுத்தி வையுங்கள். கறை பட்டால் அந்த நூலை வெள்ளைக்குப் பக்கத்தில் போட வேண்டாம். எல்லா நிறத்தையும் சேர்த்து மாதிரித் துண்டு போடச் சொன்னது இதற்கும்தான்.

பாண்டிருப்பு: மார்கழி மழைக்குள்ள எப்படிக் காயவைக்கிற?

கொடியில் தொங்கவிடாதீர்கள். நனைந்த பருத்தியின் பாரமே அதை நீட்டிவிடும். துவாயில் சுருட்டி நீரை அழுத்தி எடுத்து, பாயில் விரித்து, அளவுக்கு இழுத்து வைத்து, மின்விசிறிக்குக் கீழே விடுங்கள். பாதி காய்ந்ததும் புரட்டுங்கள். அக்ரிலிக் நூல் என்றால் அயன் பெட்டி படவே கூடாது, இழை உருகித் தட்டையாகிவிடும்.

கொக்கட்டிச்சோலை: செயின் 96 போட்டன், தலை போகுதில்ல. மாதிரித் துண்டு போடல்ல.

பிரித்துவிட்டு அதைப் போடுங்கள், மகள். கழுவி, காயவைத்து, அளந்து எண்ணிக்கையை எழுதுங்கள். கணக்கு நான் பார்த்துத் தருகிறேன்.