பிலாத்துவின் பெயரும் கல்லியோனின் ஆண்டும்: கேள்வி பதில்

வேதாகமத்தை வரலாறாக நம்பலாமா என்று எங்கள் வேதபாடக் குழுவில் எழுந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் விசுவாசி; நடுவர் வேடம் போட விருப்பமில்லை. ஆனால் விசுவாசத்துக்குச் சாதகமானது என்பதற்காக மெலிந்த சான்றைப் பலமானதாகக் காட்டவும் மாட்டேன்.

கேள்வி (ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை): விசுவாசம் இருதயத்தைச் சேர்ந்ததுதானே ஐயா? கல்வெட்டும் அகழாய்வும் அதற்கு எதற்கு?

சகோதரி, ஆராதனையில் விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது, கன்னிமரியாளின் பெயருக்கு அடுத்தபடியாக ஒரு ரோம அதிகாரியின் பெயரையும் சொல்லுகிறோம். பொந்தியு பிலாத்துவின் பெயரில் பக்திக்குரியது எதுவுமில்லை. இயேசு பாடுபட்டது 'முன்னொரு காலத்தில்' அன்று, இன்னார் ஆண்ட இன்ன காலத்தில் என்று குறிப்பதற்காகவே அந்தப் பெயர் அங்கே நிற்கிறது. காலத்தையும் ஆளையும் தானே முன்வைக்கிற ஒரு விசுவாசம், அவற்றைச் சரிபார்க்கிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்க முடியாது.

1961இல் யூதேயாவின் பழைய கடற்கரை நகரமான செசரியாவில் இத்தாலிய அகழாய்வாளர்கள், பழைய அரங்கில் படிக்கல்லாக மறுபடி பயன்படுத்தப்பட்டிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லில் பிலாத்துவின் பெயரையும், யூதேயாவின் 'பிரிஃபெக்ட்' என்ற அவருடைய பதவியையும் லத்தீனில் கண்டார்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், பிற்காலத்தில் வழங்கிய 'புரோகுரேட்டர்' என்ற பதவிப் பெயரை அவருக்குக் கொடுத்துவிட்டார். சுவிசேஷங்களோ 'தேசாதிபதி' என்ற பொதுச்சொல்லோடு நின்றுகொண்டதால் அந்தத் தவறுக்குள் விழவில்லை.

கேள்வி (கல்லூரி மாணவர்): அப்போஸ்தலர் நடபடிகள் பிற்காலத்தில் புனையப்பட்ட கதை என்று வகுப்பில் சொல்லுகிறார்கள். மறுக்க ஏதாவது உண்டா?

தம்பி, 18ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லியோன் அகாயாவுக்கு (தென் கிரேக்கத்திலிருந்த ரோம மாகாணம்) அதிபதியாயிருந்தபோது, கொரிந்துவிலிருந்த யூதர்கள் பவுலை அவனுடைய நியாயாசனத்துக்கு முன்பாகக் கொண்டுபோனார்கள் என்று லூக்கா எழுதுகிறார். இந்தக் கல்லியோன், தத்துவஞானி செனேக்காவின் அண்ணன். கிரேக்க நாட்டின் டெல்பியில் துண்டு துண்டாகக் கிடைத்த ஒரு கல்வெட்டில், பேரரசர் கிலவுதியு அந்த நகரத்தைக் குறித்து எழுதிய கடிதம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் கல்லியோனின் பெயர் வருகிறது. பேரரசர் 26ஆம் முறை வெற்றித் தலைவராக வாழ்த்தப்பட்டதைக் கொண்டு அதன் காலத்தைக் கி.பி. 52ஐ ஒட்டிக் கணிக்கிறார்கள். ஆகவே பவுல் அந்த நியாயாசனத்துக்கு முன் நின்றது ஏறத்தாழ கி.பி. 51 என்று சொல்ல முடிகிறது. பவுலின் வாழ்க்கைக் காலவரிசை முழுவதும் இன்று இந்த ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒரு சிறிய சொல். நடபடிகள் 17இல் தெசலோனிக்கே ஊரின் 'பட்டணத்து அதிகாரிகள்' என்று நாம் வாசிக்கிற இடத்தில், கிரேக்க மூலத்தில் 'பொலித்தார்க்' என்ற பதவிப்பெயர் இருக்கிறது. பழைய கிரேக்க இலக்கியத்தில் அது காணப்படாததால் லூக்கா தவறிவிட்டார் என்று கருதியவர்கள் உண்டு. அதே ஊரின் வார்தார் வாயிலில் இருந்த கல்வெட்டு அந்தப் பதவியில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்லுகிறது. இன்று அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் அதிகாரிகளை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பது அந்தப் பக்கம் நடமாடியவருக்கே எளிதில் தெரியும்.

கேள்வி (வழக்குரைஞர்): பொருந்துகிறதை மட்டும் சொல்லுகிறீர்களே. சிரேனியுவின் குடிமதிப்பு?

நியாயமான குறுக்கு விசாரணை. ஏரோதின் நாட்களில் இயேசு பிறந்தார் என்று மத்தேயு சொல்லுகிறார். சிரேனியு சீரியாவுக்குத் தேசாதிபதியாயிருந்தபோது நடந்த 'முதலாம்' குடிமதிப்பின் சமயத்தில் பிறந்தார் என்று லூக்கா 2ஆம் அதிகாரம் சொல்லுகிறது. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. சிரேனியு சீரியாவுக்கு வந்து குடிமதிப்பு நடத்தியதோ, யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் கணக்கின்படி கி.பி. 6இல். இடைவெளி ஏறக்குறைய பத்து ஆண்டுகள். சிரேனியு அதற்கு முன்பே ஒருமுறை அங்கே அதிகாரத்தில் இருந்தார் என்று சிலரும், 'முதலாம்' என்ற சொல்லை 'அதற்கு முந்திய' என்று பெயர்க்கலாம் என்று வேறு சிலரும் விடை சொல்லுகிறார்கள். முதலாவதற்கு நேரான சான்று கிடையாது. இரண்டாவது இலக்கணத்தைச் சற்று வளைக்கிறது. அந்தப் பிந்திய குடிமதிப்பை லூக்கா அறியாதவர் அல்லர், நடபடிகள் 5:37இல் அதைக் குறிப்பிடுகிறார். ஆகையால் அறியாமையால் நேர்ந்த குழப்பம் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. தீராத வழக்காகவே இதை வைத்திருக்கிறேன்.

கேள்வி (சபை மூப்பர்): புதிய மொழிபெயர்ப்புகளில் 1 யோவான் 5:7ஐ அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டார்களே, வேதத்திலிருந்து எடுத்துப்போட யாருக்கு அதிகாரம்?

ஐயா, அது எடுத்துப்போடப்பட்டதல்ல, பின்னால் சேர்ந்தது. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகியோரைப் பற்றி "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்று சொல்லும் அந்த வாக்கியம் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. லத்தீன் மரபிலிருந்து வந்தது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பின் 1522 பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து பழைய மொழிபெயர்ப்புகளுக்குள்ளும், நம் கையிலிருக்கும் தமிழ் வேதாகமத்துக்குள்ளும் வந்தது. திரித்துவம் அந்த ஒரு வசனத்தின்மேல் நிற்கவில்லை என்பதால் கலங்க வேண்டியதில்லை. மாற்கு 16இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும் சினாய், வத்திக்கான் என்னும் நான்காம் நூற்றாண்டுப் பிரதிகள் இரண்டிலும் இல்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கைப்பிரதிகள் வெவ்வேறு ஊர்களில் மிஞ்சியிருப்பதால்தான், எது எப்போது நுழைந்தது என்று நம்மால் கண்டுபிடிக்க முடிகிறது. ஒரே ஒரு பிரதி மட்டும் கிடைத்திருந்தால் வேறுபாடே தெரிந்திராது, சேர்க்கையும் தெரிந்திராது.

கேள்வி: யாத்திராகமத்துக்குச் சான்று உண்டா?

நேரான சான்று இல்லை. எகிப்திய அரசன் மெர்னெப்தாவின் கல்வெட்டு, கி.மு. 1208ஐ ஒட்டி, கானான் பகுதியில் 'இஸ்ரவேல்' என்ற மக்கள் இருந்ததைச் சொல்லுகிறது, இஸ்ரவேலர் எகிப்திலிருந்து புறப்பட்டதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அரசர்கள் காலத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. 1993இல் வட இஸ்ரவேலில் தாண் என்னும் இடத்தில் கிடைத்த கல்வெட்டில் 'தாவீதின் வீடு' என்ற தொடரும், அசீரிய அரசன் சனகெரிபின் பதிவுகளில் யூதா அரசன் எசேக்கியாவின் பெயரும் இருக்கின்றன.

கேள்வி: தோமா சென்னைக்கு வந்ததையும் இதே போல நம்பலாமா?

அது வேதாகமத்தில் இல்லை, பழைய மரபு. தனியாக எடைபோட வேண்டியது.

கேள்வி (மீண்டும் அதே மாணவர்): உயிர்த்தெழுதலைக் கல்வெட்டு நிரூபிக்குமா?

நிரூபிக்காது, தம்பி. ஆனால் அது எவ்வளவு சீக்கிரம் அறிவிக்கப்பட்டது என்பதைக் கணக்கிட உதவும். கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார், கேபாவுக்கும் (பேதுருவுக்கும்) பன்னிருவருக்கும் தரிசனமானார் என்பதைத் தான் 'அடைந்து' கொரிந்தியருக்கு 'ஒப்புவித்ததாக' 1 கொரிந்தியர் 15இல் பவுல் நினைவூட்டுகிறார். அவர் கொரிந்துவில் தங்கி ஊழியம் செய்தது கல்லியோனின் நாட்களை ஒட்டித்தான். சிலுவை கி.பி. 30 அல்லது 33 என்றால், அந்த அறிவிப்பு ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அங்கே சொல்லப்பட்டுவிட்டது. பவுல் அதைப் பிறரிடமிருந்து பெற்றது அதற்கும் முன்பு. ஐந்நூறுபேருக்கு அதிகமானவர்கள் கண்டார்கள், "அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள்" என்றும் எழுதுகிறார். போய்க் கேட்டுப் பாருங்கள் என்பதுபோல. அவர்கள் கண்டது மெய்தானா என்பதற்கு எந்த அகழாய்வும் விடை தராது. அந்தச் சாட்சிகளை நான் நம்புகிறேன். நீங்கள் அந்த அதிகாரத்தை முதலில் வாசித்துவிட்டு வாருங்கள், மேலும் பேசலாம்.