சிக்கிமுக்கித் துப்பாக்கிக்குக் கருமருந்து எங்கே கிடைக்கும்?

கேள்வி: அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் வசிக்கிறேன். நண்பர் ஒருவரால், சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் பழைய மாதிரித் துப்பாக்கியில் குறிபார்த்துச் சுடப் பழகிவருகிறேன். அதில் இடும் வெடித்தூளான கருமருந்தைக் கேட்டால் கடைக்காரர் பைரோடெக்ஸ் என்னும் மாற்றுமருந்தைத் தருகிறார். அது பல வேளைகளில் பற்றுவதே இல்லை. அசல் மருந்தையும் பிற பொருள்களையும் எங்கே தேடுவது?

பதில்: குறை பெரும்பாலும் மருந்தில்தான் இருக்க வேண்டும். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த அசல் கருமருந்து சிறு பொறிக்கே பற்றிக்கொள்ளும். பைரோடெக்ஸ் பற்றுவதற்கு அதைவிட மிகுந்த வெப்பம் வேண்டும் என்பதால், கேப் (அடித்தால் தீப்பற்றும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடும் துப்பாக்கிக்கு அது பொருந்தினாலும், கல்லும் எஃகும் உரசி எழும் பொறிக்கு இணங்குவதில்லை.

அமெரிக்கச் சட்டம் கருமருந்தை வெடிபொருளாகக் கருதுகிறது. விற்பவருக்கு உரிமமும் தனிக் கிடங்கும் தேவைப்படுவதால் சாதாரணக் கடைகள் அதை வைத்துக்கொள்ளத் தயங்குகின்றன. ஆனால் பழைய வகைத் துப்பாக்கியில் விளையாட்டுக்காகப் பயன்படுத்துவோர், ஆலையில் செய்த கருமருந்தை 50 பவுண்டு வரை கூட்டரசு உரிமம் இன்றியே வாங்கலாம். ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும் என்பதால் உள்ளூர்த் தீயணைப்புத் துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையை விடுத்துத் துப்பாக்கி சுடுவோர் சங்கத்தைத் தேடுங்கள் என்பதே என் அறிவுரை. தொலைவிலிருந்து மருந்தை வரவழைத்தால், அபாயப் பொருள் என்பதற்காக ஒவ்வொரு அனுப்புகைக்கும் தனிக் கட்டணம் கட்ட நேரும். உறுப்பினர் பலர் சேர்ந்து ஒரே முறையாக வாங்கினால் அந்தச் சுமை பங்காகிவிடும். தங்களுக்கு அருகிலேயே, இந்தியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் என்னும் சிற்றூரில், குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இடும் துப்பாக்கிகளுக்காக 1933இல் தொடங்கிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கத்தின் மைதானம் உள்ளது. ஜூனிலும் செப்டம்பரிலும் அங்கே நடக்கும் போட்டிகளின்போது வணிகர்களும் கூடுவார்கள். லூசியானாவின் மிண்டனில் கருமருந்து செய்துவந்த கோயெக்ஸ் ஆலை மூடப்படுவதாக 2021இல் அறிவிப்பு வந்தபோது பலரும் கலங்கினார்கள். மாதிரி ராக்கெட்டுகள் செய்யும் எஸ்டெஸ் நிறுவனம் அதை வாங்கியதால் அந்தப் பெயர் பிழைத்தது.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: கருமருந்து கிடைக்கவில்லை என்று இக்காலத் தோட்டாக்களில் இடும் புகையில்லா மருந்தை ஒருபோதும் இட்டுவிடாதீர்கள். அதன் அழுத்தம் குழலையே பிளந்து, சுடுபவரின் கையையும் கண்ணையும் பறித்துவிடும்.

மற்றவை எளிதில் கிடைக்கும். கல்லுக்கு இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்ச் சிக்கிமுக்கிக் கல் பெயர் பெற்றது. குண்டு கலப்பில்லாத மென்மையான ஈயமாக இருக்கட்டும். குண்டைச் சுற்றும் துணிக்கு, நெருக்கமாக நெய்த பருத்தித் தலையணைத் துணியை எந்தத் துணிக்கடையிலும் வாங்கிக்கொள்ளலாம்.