பழைய சுவருக்குச் சீமெந்து ஒத்துவராது

கேள்வி: அம்மம்மா காலத்து வீடு. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். கீழ்ப்பகுதி உதிர்ந்ததால் மூன்று வருடத்துக்கு முன் சீமெந்து பூசி, எமல்ஷன் பெயின்ற் அடித்தோம். இப்போது பாளம் பாளமாகக் கழன்று விழுகிறது. பின்னால் வெள்ளை மாவு. கலவையைப் பலமாக்கச் சொல்கிறார் மேசன். செய்யலாமா?
- வாசகி, புளியந்தீவு

பதில்: வேண்டாம். பலம் கூடினால் கேடும் கூடும்.

அந்த மாவு உப்பு. புளியந்தீவைச் சுற்றி வாவி. நிலத்து ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே இழுக்கும்போது உப்பும் கூடவே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஈரம் அதனூடாக வெளியேறியது. பூச்சு உதிர்ந்தது, கல் தப்பியது. சீமெந்தும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிட்டன. இப்போது உப்பு கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவில் உறைந்து தள்ளுகிறது. விழுந்த பாளமொன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் சிவப்பாகத் தோல் ஒட்டியிருந்தால் செங்கல்லின் முகமும் பிய்ந்து வருகிறது என்று அர்த்தம்.

மே, யூனில் வேலையைத் தொடங்குங்கள். மாரிக்கு முன் முடிய வேண்டும். ஈரக்கறைக்கு மேலே ஒன்றரை அடிவரை சீமெந்தைச் சிற்றுளியால் கொத்தி எடுங்கள். மெஷின் வேண்டாம், அதிர்வில் கல் உடையும். கற்களுக்கு நடுவிலுள்ள சாந்து மூட்டுகளை முக்கால் அங்குலம் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த தும்புத் தூரிகையால் தட்டி, கூட்டி அள்ளிவிடுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பிறகு ஆறு வாரமாவது சுவரைக் காயவிடுங்கள். பலர் அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் மூன்று மாதம் ஊறவைத்த களிதான் பூச்சுக்கு நல்லது. நீறாத துகள் கிடந்தால் பூசிய பின் நீறி, கொப்புளமாக வெடிக்கும். களி 1 பங்கு, அரித்த ஆற்று மணல் 3 பங்கு, செங்கல் தூள் அரைப் பங்கு. கடல் மணலும் வாவி மணலும் உப்பைத் திரும்பக் கொண்டுவரும். "சீக்கிரம் இறுகட்டும்" என்று மேசன் ஒரு கை சீமெந்து போடவும் விடாதீர்கள்.

சுவரை நனைத்து, ஒரு தரத்துக்கு 3/8 அங்குலம் பூசி, பாதி இறுகியதும் கீறிவிடுங்கள். அடுத்த பூச்சு ஒரு வாரம் கழித்து. நீங்கள் பூசும் நேரம் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் பருவம். சுண்ணாம்பு வெறுமனே உலர்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்தே இறுகும், அதற்கு ஈரம் வேண்டும். கச்சான் ஒரே நாளில் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பூச்சு வெடித்து, தொட்டால் பொடியாகும். நனைத்த சாக்குகளைச் சுவருக்கு முன்னால் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். கடைசியில் பெயின்ற் வேண்டாம். சுண்ணாம்பு வெள்ளையை மெல்லிதாக நான்கைந்து தரம் அடியுங்கள்.

முற்றம் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தால் சுவரோரம் வெட்டித் தாழ்த்துங்கள். அதைச் செய்யாவிட்டால் இவ்வளவும் வீண்.

கேள்வி: மகள் அமெரிக்காவில் பஃபலோ நகரில் படிக்கிறாள். அங்கே 1896இல் கட்டி முடித்த 13 மாடிக் கட்டடத்தின் படம் அனுப்பினாள். முழுக்கச் செங்கல் நிறம். அந்தக் காலச் சுவர் அத்தனை மாடியைத் தாங்குமென்றால், எங்கள் பழைய வீட்டுக்கு மேலே கொங்கிறீற் தட்டுப் போடலாம்தானே?
- வாசகர், கல்லடி

பதில்: அது கட்டடக் கலைஞர்கள் அட்லரும் சல்லிவனும் வடிவமைத்த கேரன்டி கட்டடமாக இருக்க வேண்டும். அழகான வேலை! ஆனால் படத்தில் தெரியும் சிவப்பு, பூவேலை செய்த சுடுமண் போர்வை. பாரத்தைத் தாங்குவது உள்ளே நிற்கும் உருக்குச் சட்டகம்.

உங்கள் வீட்டில் சுவரே தூண். 10 அடிக்கு 10 அடி அறைக்கு 5 அங்குலத் தட்டுப் போட்டால் ஏறக்குறைய 2.8 தொன். ஓட்டுக்கூரை, மரத்தையும் சேர்த்து, அதில் நாலில் ஒன்றுகூட வராது. சுமை கூடினால் கதவு, சன்னல் வளைவுகளில் முதலில் வெடிப்பு விழும்.

மாடி வேண்டுமென்றால் தனித் தூண், தனி அத்திவாரம். குழியைப் பழைய சுவரோடு ஒட்டித் தோண்டினால் அடிமணல் சரிந்து சுவர் இறங்கும். பழைய அத்திவாரத்தைவிடப் புதுக் குழி எத்தனை அடி ஆழமோ, நம் மணல் தரையில் அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளித் தோண்டுங்கள். தூணின் அளவைப் பொறியியலாளர் மண்ணைச் சோதித்துச் சொல்லட்டும். புதிய கொங்கிறீற்றைப் பழைய சுவரோடு கம்பி வைத்து இணைக்காதீர்கள். நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள்.