9-ஆ, 45-ஆ? முதலில் கையைக் கேளுங்கள்

போன முறை ரிவால்வரைத் துடைத்து எண்ணெய் போடுவது எப்படி என்று எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசிக்குத் துடைப்பதோடும் சம்பந்தமில்லை, எண்ணெயோடும் சம்பந்தமில்லை. "தற்காப்புக்கு எந்தக் கலிபர் வாங்கலாம்?" என்பதையே ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். (கலிபர் என்றால் குண்டின் விட்டம். தோட்டாவின் பெயரும் அதை ஒட்டித்தான் வரும்.) இருபது வருடத்துக்கு மேல் சுடுதளத்தில் நின்று பாதிக் காதைத் தொலைத்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். உரிமம் உண்டா, எந்தக் கலிபரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதை விசாரித்துவிட்டு மேலே படியுங்கள்.

கேள்வி: 9 மி.மீ. போதுமா, .45 ஏசிபிதான் சரியா? எங்கள் கிளப்பில் இந்தப் பேச்சை எடுத்தாலே அடிதடி வரை போய்விடுகிறது.

அந்த அடிதடிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பிலிப்பைன்ஸில் .38 லாங் கோல்ட் ரிவால்வரால் பல முறை சுட்டும் மோரோ போராளிகள் நிற்காமல் வந்தார்கள் என்று அமெரிக்கப் படையில் புகார் எழுந்தது. 1904-ல் தாம்சன், லகார்டு என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் சிகாகோ மாட்டுத் தொழுவங்களில் மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். பிணங்களையும் சுட்டுப் பார்த்தார்கள். கடைசியில் .45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். மாடு எத்தனை குண்டுக்கு விழுந்தது என்று கண்ணால் பார்த்துச் சொன்ன கணிப்பு அது. இன்றைக்கு அதைச் சோதனை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் அந்த வாக்கு வேதவாக்காக நின்றுவிட்டது. ஜான் பிரௌனிங் .45 ஏசிபி தோட்டாவை வடிவமைத்ததும் அந்தச் சமயத்தில்தான். லூகர் உருவாக்கிய 9 மி.மீ. அதற்குச் சில வருடம் மூத்தது.

கணக்கைப் பார்ப்போம். வழக்கமான 9 மி.மீ. குண்டு 8 கிராம் எடை, நொடிக்கு 350 மீட்டர் வேகம். .45 குண்டு 15 கிராம், வேகம் 255 மீட்டர். ஆற்றல் என்று பெருக்கிப் பார்த்தால் இரண்டும் 490 ஜூல் அளவை ஒட்டியே வருகிறது. வித்தியாசம் உந்தத்தில் இருக்கிறது. .45-க்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். அந்த அதிகத்தைத் தாங்குவது எதிராளி மட்டும் இல்லை, உங்கள் மணிக்கட்டும்தான்.

.45-இன் உண்மையான சாதகம் அகலம். குண்டு உடலுக்குள் விரியாவிட்டாலும் அது பதினொன்றரை மில்லிமீட்டர் துளை போடும். 9-இன் சாதகம் எண்ணிக்கையும் வேகமாக அடுத்ததைச் சுட முடிவதும். பழைய 1911 வகை .45-இன் மேகஸினில் ஏழு தோட்டா. முழு அளவு 9 மி.மீ. பிஸ்டலில் பதினைந்து, பதினேழு என்று போகும்.

இந்த வழக்கில் இன்னொரு தீர்ப்பும் உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் இறந்தார்கள். குற்றவாளி ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மி.மீ. குண்டு, இதயத்தைத் தொடாமல் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டிருந்தான். எஃப்பிஐ அந்த ஒரு குண்டைக் கையில் வைத்துக்கொண்டு 9-ஐ ஒதுக்கி 10 மி.மீ.க்குப் போனது. சுடும்போது அது கையில் பின்னால் உதைக்கும் உதை பலருக்குத் தாங்கவில்லை. அதனால் 1990-ல் இரண்டுக்கும் நடுவில் .40 எஸ் அண்ட் டபிள்யூ என்ற தோட்டா பிறந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2010-களின் நடுவில், எஃப்பிஐ மறுபடி 9-க்கே வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் குண்டின் அமைப்பு தேறிவிட்டது. அதோடு, அதிகாரிகளில் பெரும்பாலோர் 9-ல்தான் வேகமாகவும் குறி தப்பாமலும் சுட்டார்கள்.

போன மாதம் ஒருவர் வந்தார். ஆஜானுபாகு. ".45-க்குக் கீழே தொட மாட்டேன்" என்றார். அவருக்குத் தெரியாமல் அவருடைய மேகஸினில் இரண்டு போலித் தோட்டாக்களைக் கலந்து வைத்தேன். மூன்றாவது முறை ட்ரிகரை இழுத்தபோது 'டிக்' என்று மட்டும் கேட்டது. வெடிக்கவே வெடிக்காத துப்பாக்கியின் முனை ஒரு சாண் கீழே குனிந்தது. உதைக்குப் பயந்து கை முன்கூட்டியே அழுத்துகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. 9-ஐ எடுத்துக் கொடுத்தேன். ஏழு மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுந்தன. என் பதில் 9தான். .45-ல் நீங்கள் அதே தட்டுக்குள், அதே வேகத்தில் சுடுகிறீர்கள் என்றால் தாராளமாக .45 வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

கேள்வி: .45 பட்டால் ஆள் பின்னால் தூக்கி எறியப்படுவான் என்பது உண்மையா?

இல்லை. மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்தின் உந்தம் .45 குண்டினுடையதைவிட அதிகம். அந்தப் பந்தை விக்கெட் கீப்பர் பிடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஆளைத் தூக்கி எறியும் துப்பாக்கி இருந்தால் அது சுட்டவரையும் சேர்த்தே எறியும்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது, விரல் மூட்டுகளில் வாதம். தனியாக இருக்கிறார். கைக்கு அடக்கமாகச் சின்ன .380 வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

நல்ல எண்ணம்தான், ஆனால் பெரும்பாலும் தப்பாக முடியும் தேர்வு. சின்னது என்றால் சுலபம் என்று கடையில் தோன்றும். சுடும்போது தலைகீழ். எடை குறைந்த துப்பாக்கியில் உதையை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை, அத்தனையும் உள்ளங்கைக்கு வரும். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சின்ன .380 பிஸ்டல்கள் பலவற்றில் குழலும் ஸ்லைடும் (பிஸ்டலின் மேல்பக்கம் முன்னும் பின்னும் ஓடும் பாகம்) ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது. வெடிப்பின் வேகத்தை ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே தாங்க வேண்டும். அதனால் ஸ்பிரிங்கை இறுக்கமாக வைத்திருப்பார்கள். பூட்டு உள்ள பெரிய 9 மி.மீ. பிஸ்டலின் ஸ்லைடைவிட, இந்தக் குட்டியின் ஸ்லைடை இழுப்பது கஷ்டமாக இருக்கலாம்.

ரிவால்வரில் ஸ்லைடே கிடையாது, அதையே வாங்கிவிடலாமே என்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல். சுத்தியலைத் தனியாக இழுத்து வைக்காமல் சுட, ட்ரிகருக்குச் சாதாரணமாக நாலரை, ஐந்து கிலோ இழுவிசை வேண்டும். வாதம் உள்ள ஆள்காட்டி விரலுக்கு அது சின்ன வேலை இல்லை.

ஆகவே கலிபரை முடிவு செய்துவிட்டு அம்மாவிடம் போகாதீர்கள். அம்மாவைச் சுடுதளத்துக்குக் கூட்டிப் போங்கள். முழு அளவு 9 மி.மீ. ஒன்று, நடுத்தர எடையுள்ள எஃகு ரிவால்வரில் .38 ஸ்பெஷல் ஒன்று, இரண்டையும் கையில் கொடுங்கள். .38-க்கு 148 கிரெயின் (ஒன்பதரை கிராம் சொச்சம்) தட்டை முனைத் தோட்டா கிடைத்தால் நல்லது, உதை மிக மெத்தென்று இருக்கும். ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்று சொன்னால் உடனே கைவிட வேண்டாம். பெரும்பாலோர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுக்கப் பார்ப்பார்கள். அதற்குப் பதில், விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க, முனை இலக்கைப் பார்த்தபடி, துப்பாக்கியை மார்புக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். இடது உள்ளங்கை முழுவதும் ஸ்லைடை மேலிருந்து கவ்வட்டும். அந்தக் கையை அசைக்காமல், வலது கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும். இழுப்பதைவிடத் தள்ளுவதற்கு எல்லோருக்கும் பலம் அதிகம். எழுபது தாண்டிய பெண்மணி ஒருவர் இப்படித் தள்ளிவிட்டு, "இதுக்கா இவ்வளவு நாள் பயந்தேன்" என்று சிரித்தது நினைவிருக்கிறது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: துப்பாக்கி வேண்டும் என்று நினைப்பது அம்மாவா, நீங்களா? வேண்டாம் என்று நினைப்பவர் கையில் எந்தக் கலிபரும் உதவாது.

கேள்வி: .22-ல் உதையே இல்லை. அதை வைத்தே சமாளிக்கலாமா?

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. வேறு எதையும் பிடிக்க முடியாத கைக்கு, பத்துக்குப் பத்தும் இலக்கில் போடக்கூடிய .22 தப்பில்லை. ஆனால் அதன் குறை குண்டு சின்னது என்பது மட்டும் அல்ல. மற்ற தோட்டாக்களில் அடிப்பக்கத்தின் நடுவே, தீப்பற்றும் மருந்து வைத்த தனிப் பிரைமர் இருக்கும். .22-ல் தீப்பற்றும் மருந்தை விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். சுத்தியல் அடிக்கும் இடத்தில் மருந்து படியாமல் இருந்தால் வெடிக்காது. பயிற்சியில் அது ஒரு சலிப்பு, அவ்வளவுதான். நள்ளிரவில் அப்படி இல்லை. .22தான் என்றால் ரிவால்வராக வாங்குங்கள். வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிகரை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும்.

கேள்வி: .357-ல் .38 தோட்டா போடலாம் என்கிறார்கள். அப்படியானால் 9 மி.மீ. பிஸ்டலில் .380 போடலாமா? .380-உம் 9 மி.மீ.தானாமே?

போடக் கூடாது. முதல் வாக்கியம் சரி, இரண்டாவதில் ஆபத்து.

பெயர்கள்தான் ஆளைக் கெடுப்பவை. .38 ஸ்பெஷல் குண்டின் விட்டம் .38 அங்குலம் இல்லை, .357தான். 1935-ல் .357 மேக்னம் வந்தபோது அதே தோட்டாவின் கூட்டை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீட்டினார்கள். பழைய .38 ரிவால்வரில் யாராவது தெரியாமல் போட்டு வெடித்துவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே குட்டை நெட்டையில் போகும், நெட்டை குட்டையில் போகாது. (.357-ல் நிறைய .38 சுட்டால் தோட்டா உட்காரும் அறையின் முன்பக்கம் கரி வளையம் கட்டும். சுரண்டாமல் விட்டால் பிறகு .357 தோட்டாவே இறங்காமல் அடம்பிடிக்கும்.)

பிஸ்டல் தோட்டா வேறு சாதி. அது பெரும்பாலும் கூட்டின் வாய் விளிம்பில்தான் உட்காரும், அதனால் நீளம் மில்லிமீட்டர் பிசகாமல் இருக்க வேண்டும். .380 என்பது 9×17. 9 மி.மீ. என்று சும்மா சொன்னால் 9×19. மகாரோவ் 9×18, அதன் குண்டு விட்டமே 9.27 மி.மீ. இத்தாலி போன்ற நாடுகளில் ராணுவத் தோட்டா பொதுமக்களுக்குக் கூடாது என்று சட்டம் இருந்ததால் 9×21 என்றும் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. எல்லாம் 9தான், ஒன்று இன்னொன்றுக்கு ஆகாது. குழலில் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகட்டும்.

கேள்வி: இரண்டு அங்குலக் குழல் உள்ள .357 ரிவால்வர். பலமும் கிடைக்கும், பாக்கெட்டிலும் அடங்கும் அல்லவா?

அடங்கும். பலத்தில் கணிசமான பகுதி நெருப்பாகவும் சத்தமாகவும் வெளியே போய்விடும். குழல் குட்டையானால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் விரிய வேண்டிய குண்டு விரியாமல் போகலாம். மூடிய அறைக்குள் ஒன்று சுட்டால் காதில் ரீங்காரம் உடனே நிற்காது. அதே ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போடுங்கள். 'பிளஸ் பி' என்று எழுதிய அதிக அழுத்தத் தோட்டாவை, அதற்கென்று தயாரித்த துப்பாக்கியில் மட்டும். தாத்தா காலத்து .38-ல் வேண்டாம்.

கேள்வி: முனையில் குழி உள்ள, உடலுக்குள் விரியும் குழிமுனைக் குண்டு போரிலேயே தடை செய்யப்பட்டது என்று படித்தேன். அதைத் தற்காப்புக்கு வைப்பது கொடூரமில்லையா?

1899 ஹேக் பிரகடனம் உடலுக்குள் விரியும் குண்டைப் போரில் தடுத்தது உண்மை. அது நாடுகளுக்கு இடையே நடக்கும் போருக்கான விதி. பல நாடுகளில் போலீஸ் குழிமுனையைத்தான் வைத்திருக்கிறது. காரணம் கொடூரம் இல்லை, பின்னால் நிற்பவர். முழுதும் செம்பு உறை போர்த்திய சாதாரண 9 மி.மீ. குண்டு உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறக்கூடியது. குழிமுனை விரிந்து வேகம் இழந்து உள்ளேயே நிற்கும் வாய்ப்பு அதிகம். எஃப்பிஐ சோதனையில் பத்து சதவீத ஜெலட்டின் பாளத்தில் குண்டு 12 அங்குலமாவது போக வேண்டும், 18-ஐத் தாண்டக் கூடாது. முன்னால் கனமான துணியை மாட்டியும் சுடுவார்கள். துணி குழிக்குள் அடைத்துக்கொண்டால் குழிமுனையும் சாதாரணக் குண்டு மாதிரியே போய்விடும், அதைக் கண்டுபிடிக்கத்தான்.

சுவர் விஷயத்தில் ஏமாற வேண்டாம். மெல்லிய தடுப்புச் சுவரை, தற்காப்புக்கு லாயக்கான எல்லாக் குண்டுமே துளைக்கும். அந்தச் சுவருக்கு அப்பால் யார் தூங்குகிறார்கள் என்று பகலிலேயே நின்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் குழிமுனைக்குச் சட்டத் தடையும் உண்டு.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. எந்தக் கலிபர் பாதுகாப்பானது?

எதுவும் இல்லை. துப்பாக்கிக்கு முன்னால் பூட்டுப் பெட்டியை வாங்குங்கள். அலமாரி உச்சி, தலையணைக்கு அடி எல்லாம் குழந்தைக்கு உங்களுக்கு முன்பே தெரியும்.

கேள்வி: தினமும் இரவு துப்பாக்கியின் அறையில் தோட்டா ஏற்றி, காலையில் எடுத்துவிடுகிறேன். அதே தோட்டாவையே திரும்பத் திரும்பப் போடலாமா?

இதைக் கேட்டவருக்கு நன்றி, யாரும் கேட்பதில்லை. போடாதீர்கள். ஸ்லைடு ஒவ்வொரு முறை அறையும்போதும் குண்டின் மூக்கு சரிவில் மோதி, கூட்டுக்குள் மயிரிழை மயிரிழையாக உள்ளே போகும். உள்ளே இடம் சுருங்கினால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். மேசையில் ஒரு புதுத் தோட்டாவையும் உங்கள் பழைய தோட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். பழையது குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுட வேண்டாம், தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: கலிபரும் தோட்டாவும் முடிவு செய்துவிட்டேன். எத்தனை சுட்டபின் அந்தத் துப்பாக்கியை நம்பலாம்?

என் கணக்கு இருநூறு. அதில் குறைந்தது ஐம்பது நீங்கள் நிஜமாக ஏற்றி வைக்கப்போகும் அதே தோட்டாவாக இருக்கட்டும், விலை அதிகம்தான். நூற்றுத் தொண்ணூறாவதில் ஒன்று மாட்டிக்கொண்டால், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.