கோயமுத்தூர் பக்கம் செடி கொடி வரையுற குழு இருக்கா? டிராயிங் சுமாரா வர்றவங்க சேரலாமா?

இருக்குங்க. பேரு, போர்டு, ரெஜிஸ்ட்ரேசன் ஒண்ணும் கெடையாது, ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமையும்தான். பதினோரு பேர் இருக்கோம், வர்றது ஏழு பேர். ரிட்டயர் ஆன பாட்டனி டீச்சரம்மா ஒருத்தங்க, திருப்பூர்ல பனியனுக்கு பிரிண்ட் டிசைன் போடற தம்பி, சோமனூர்ல தறி வெச்சிருக்கற அண்ணன், ரெண்டு மூணு காலேஜ் புள்ளைங்க, அப்பறம் நான்.

சுமாரா வர்றதப் பத்தி கவலப்படாதீங்க, நல்லா வரையறவங்கதான் இங்க வந்து கஷ்டப்படுறாங்க. அந்தப் பனியன் டிசைன் தம்பி மொத நாள் ஒரு அரளிப்பூவ கண்ண மூடிட்டு போட்டுட்டாரு, பாக்க அப்பிடியே காலண்டர் மாதிரி இருந்துச்சு, ஆனா அஞ்சு இதழும் அச்சு வார்த்த மாதிரி ஒரே அளவு. டீச்சரம்மா பாத்துட்டு "இது உங்க கம்பெனி பூவுங்க தம்பி, செடியில இருக்கறத போடுங்க"ன்னுட்டாங்க.

நம்ம கதையும் அதே லட்சணம்தான். பொங்கலுக்கு காப்பு கட்டற அன்னைக்கு மிஞ்சுன ஆவாரங்கொத்த சொம்புல வெச்சு ரெண்டு நாள் உக்காந்து வரைஞ்சு பெருமையா கொண்டு போனேன். டீச்சரம்மா, "ஏனுங் தம்பி, மகரந்தத்தாள் ஏழுதான் போட்டிருக்கீங்க, மிச்சம் மூணு எங்க போச்சு?"ன்னாங்க. "ஏழுதானுங்கம்மா இருக்கு"ன்னு நானும் அடிச்சுப் பேசறேன். லென்ச கையில குடுத்தாங்க. மேல பக்கம் சின்னதா மலடா மூணு ஒட்டிட்டு இருக்கு, ஆக மொத்தம் பத்து. வேப்பிலை பூளைப்பூவோட ஒட்டுக்கா வெச்சு வருசா வருசம் எங்கூட்டு வாசல்ல நானே சொருகற பூவுங்க இது, அமுச்சி காலத்துல இருந்து பாத்துட்டிருக்கேன், எண்ணிப் பாத்ததே இல்ல.

அதனால மொத மூணு மாசம் கலர் டப்பாவ தொடவே விடமாட்டாங்க. எண்ணணும், டிவைடர் வெச்சு அளக்கணும், இருக்கற சைசுலயே பென்சில்ல போடணும், பெருசாக்குனா எத்தன மடங்குன்னு ஓரத்துல எழுதணும். பின்னாடி சீனரி, தரையில விழுற நிழல் எதுவும் வரக்கூடாது. பேப்பர் மட்டும் வழவழன்னு கனமா இருக்கற ஹாட் பிரஸ் 300 ஜிஎஸ்எம் வாங்கிக்கோங்க, சொரசொரப்பான பேப்பர்ல எல நரம்பு போட்டா பிரஷ் குதிச்சு குதிச்சு போகும்.

வெளிய போறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. போன கார்த்திகையில மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு காட்டுக்கு போனோம் (செங்காந்தள்னா புத்தகத்துல, நம்மூர்ல கண்வலிக்கிழங்குதான்). கம்பி கட்டி ஏத்தி உட்டிருக்காங்க, எல நுனியே சுருண்டு கம்பியப் புடிச்சுக்குது. பூ தலகீழா தொங்குது, ஆறு இதழும் மேல பாத்து வளைஞ்சிருக்கு, பச்சையில ஆரம்பிச்சு மஞ்சளாகி செவப்பாகுது, அதனால ஒரே கொடியில மூணு நாலு கலர்ல பூ நிக்கும், எதப் போடறதுன்னே தெரியல. எனக்கு உதைச்சது சூல்தண்டு, அதான் நுனியில மகரந்தத்த வாங்கிக்கற தண்டு. பூவுக்கு நேரா கீழ எறங்காம சட்டுன்னு பக்கவாட்டுல மடங்கி நிக்குது, நான் போட்டத பாத்தா ஒடஞ்ச மாதிரியே இருக்கு. அங்க வேலை செஞ்சிட்டிருந்த அக்கா ஒருத்தங்க எட்டிப் பாத்துட்டு, "அது அப்பிடித்தானுங், அது தள்ளி நிக்கறதாலதான நாங்க காலையில வந்து கையால மகரந்தம் தொட்டு வெக்கறோம், இல்லாட்டி காய் சரியா புடிக்காதுங்"ன்னாங்க. டீச்சரம்மா அன்னைக்கு ஒண்ணும் பேசல. ஒண்ணு மறக்காதீங்க, அந்தக் கொடி மொத்தமும் வெசம், கெழங்கு ரொம்ப மோசம், வரைஞ்சுட்டு கை கழுவாம தூக்குப்போசிய தொறக்காதீங்க.

மழ பெஞ்சா ஆர்.எஸ்.புரத்துல இருக்கற காஸ் வன மியூசியம் போயிருவோம், 1902ல தொறந்தது, காய் வெத மரத்துண்டுன்னு வரைய ஒரு ஆயுசுக்கு இருக்கு.

இதெல்லாம் வெள்ளக்காரன் பொழுதுபோக்குன்னு எங்கூட்டுலயே சொல்றாங்க, அதுக்கு நான் கோவிந்து கதைய சொல்லுவேன். ராபர்ட் வைட்னு ஸ்காட்லாந்து டாக்டரு, 1842ல இருந்து 1853 வரைக்கும் கோயமுத்தூர்லதான் அமெரிக்கப் பருத்திய பயிர் பண்ண வைக்கற வேலையில இருந்தாரு. பருத்தி ஒண்ணும் பெருசா எடுபடல, ஆனா அதே காலத்துலதான் தென்னிந்தியச் செடிகள ஆறு வால்யூமா, 2101 படத்தோட, கொண்டு வந்து முடிச்சாரு. அவருக்கு வரைஞ்சவங்க நம்ம தென்னிந்திய ஆளுங்க, மொதல்ல ரங்கையா, அவருக்கப்பறம் 1845 வாக்குல இருந்து கோவிந்து. கோவிந்து பேர்ல ஒரு ஆர்க்கிட் சாதிக்கே கோவிந்தூயியான்னு வைட் பேரு வெச்சாரு. அந்தப் பேரு நிலைக்கல, இப்ப ட்ரொபீடியாங்கற இன்னொரு ஆர்க்கிட் சாதியில சேத்துட்டாங்க, ஆனா ரங்கையாவும் கோவிந்தும் வரைஞ்ச படங்க எடின்பரோ தாவரவியல் தோட்டத்துல பத்திரமா இருக்கு.

இந்த வருச சேதின்னா ரெண்டு. காலண்டர் போட்டோம், கவுத்துருச்சு. பிரஸ்காரர் புரூஃப் காட்டுனப்ப நல்லாத்தான் இருந்துச்சு, அச்சாகி வந்தப்ப ஆவாரம்பூ மஞ்சள் மாம்பழ ஐஸ் கலர்ல நிக்குது, வெள்ளப் பேப்பர்ல சாம்பல் நெழல் மட்டும் குடுத்து நான் உசுர உட்டு போட்ட பூளைப்பூ காணாமயே போச்சு. இருநூறு காப்பி, அதுல நாப்பது சோமனூர் அண்ணனோட தறிக் கொட்டாயில கெடக்கு, வேணும்னா வந்து எடுத்துக்கோங்க.

ரெண்டாவது, கொரங்காடு. காங்கயம் பக்கம் கிளுவ வேலி போட்டு மாடு மேய உடற காடு இருக்குல்லங்க, அங்க இருக்கற செடிய மட்டும் ஒரு வருசம் வரையலாம்னு ஆரம்பிச்சிருக்கோம். வெள்வேல் முடிஞ்சுது. கிளுவ வெயிலுக்கு எல உதுத்துட்டு குச்சியா நிக்குது, மழைக்கு காத்திருக்கோம். கொழுக்கட்டப் புல்லு என் தலையில உழுந்திருக்கு, அந்தக் கதிர்ல இருக்கற மயிர எண்ணச் சொல்லிருவாங்களோன்னு பயமா இருக்கு.

வாங்க, இன்பாக்ஸ்ல சொல்லுங்க எடம் அனுப்பறேன். டப்பாவுல ஈரத்துணி போட்டு உங்கூட்டு வேலியோரத்துல இருக்கறது எதாச்சும் ஒரு கிளை கொண்டாங்க, பூக்கடை ரோசாப்பூ மட்டும் வேண்டாம்.