சொல்லியாயிற்று – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

இங்கிலாந்து திருச்சபையின் தலைமைக் குருவான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகியதை, போகிற போக்கில் ‘பிந்திப்போன நல்ல காரியம்’ என்று எழுதியிருந்தீர்கள். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜான் ஸ்மைத் என்ற ஆள் பையன்களை அடித்துக் கொடுமைப்படுத்திய காலத்தில் வெல்பி குருவானவர்கூட இல்லை. 2013-இல் விஷயம் காதுக்கு வந்தபோது, போலீசுக்குத் தகவல் போய்விட்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நம்பினார். இதில் அவர் செய்த பாவம் என்ன?

நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். அபிஷேகம் பெற்றவர்கள்மேல் கை போடக்கூடாது என்று சொல்லித்தான் எங்கள் அம்மா வளர்த்தாள். நாலு பேர் கையெழுத்து வாங்கிப் பேராயரை இறக்கிவிடலாம் என்றால் திருச்சபையில் தலைமை என்று ஒன்று மிஞ்சுமா?

ஜே.,
பாளையங்கோட்டை

அன்புள்ள ஜே.,

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எழுபதுகளின் கடைசியில் வெல்பி பாரிஸில் எண்ணெய்க் கம்பெனி வேலையில் இருந்தார். அதற்கு முன்னால் ஸ்மைத் முன்னின்ற கிறிஸ்தவ முகாம்களில் உதவிக்கு இருந்தவர், ஆளைத் தெரியும். ஸ்மைத் விவகாரத்தை விசாரித்த கீத் மேக்கினின் அறிக்கை 2024 நவம்பர் 7 அன்று வெளிவந்தபோது அதில் இருந்த பெயர்கள் பல. ஐந்தாம் நாள் பதவி விலகுவதாக அறிவித்தவர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

மீதிப் பாதிக்குக் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்மைத் குருவானவர் அல்ல. லண்டனில் பெரிய வழக்கறிஞர், சபையில் பிரசங்கம் செய்ய அனுமதி பெற்றவர். யூவெர்ன் முகாம்கள் என்று ஒன்று நடந்தது. இங்கிலாந்தின் பணக்காரப் பள்ளிகளில் படிக்கும் பையன்களுக்கு மட்டும். நாளைய நீதிபதியும் மந்திரியும் பிஷப்பும் இவர்கள்தானே, இவர்களைப் பிடித்துவிட்டால் நாட்டையே பிடித்த மாதிரி என்பது கணக்கு. நம் ஊர் வி.பி.எஸ்.-ஐ, அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளியை, மேட்டுத்தெருப் பையன்களுக்கு மட்டும் என்று நடத்தினால் எப்படி இருக்கும், அப்படி. அந்த முகாம்களின் அறக்கட்டளைக்குத் தலைவராக இருந்தவர் ஸ்மைத். வின்செஸ்டரில் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்து, பாவத்துக்குப் பரிகாரம் என்று சொல்லி, பையன்களைப் பிரம்பால் ரத்தம் வரும்வரை அடித்தார். ஒருவன் தற்கொலைக்கு முயன்ற பிறகுதான் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். 1982-இல் மார்க் ரஸ்டன் என்ற கேம்பிரிட்ஜ் குருவானவர் எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவைத்தார். என்ன நடந்தது, எத்தனை பேர், எத்தனை அடி, எல்லாம் அதில் இருந்தது.

அந்த அறிக்கை போலீசுக்குப் போகவில்லை. வெளியே தெரிந்தால் தேவனுடைய ஊழியத்துக்குப் பெரிய சேதம் வரும் என்று நினைத்ததாக, அதைக் கையில் வைத்திருந்த குருவானவர் ஒருவர் பிற்பாடு விசாரணையில் சொன்னார். 1984-இல் ஸ்மைத் ஜிம்பாப்வேக்குக் குடிபோனார். அங்கேயும் முகாம். அங்கேயும் அடி. 1992-இல் அவருடைய முகாம் ஒன்றில் 16 வயதுப் பையனின் உடல் நீச்சல் குளத்தில் கிடந்தது. அடுத்த வருடம் புலவாயோவின் வழக்கறிஞர் டேவிட் கோல்டார்ட் அங்குள்ள சபைகளுக்காக இன்னொரு அறிக்கை எழுதினார். பிறகு நடந்த வழக்கு நிற்கவில்லை. ஸ்மைத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். இங்கிலாந்தில் சுமார் 30 பேர், ஆப்பிரிக்காவில் சுமார் 85 பையன்கள் என்பது மேக்கின் தரும் கணக்கு.

யாருக்கும் தெரியாமல் நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது. தெரிந்த ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். குருவானவர் குருவானவரிடம், அவர் முகாம் தலைவரிடம், அவர் பள்ளிக்கூடத்தில். ‘நான் சொல்லியாயிற்று’ என்று அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயில் கட்டட நிதியில் கணக்கு உதைத்தது நினைவுக்கு வருகிறது. சபைப் பிள்ளைகள் கமிட்டியிடம் சொன்னார்கள். கமிட்டி ஐயரிடம், அதாவது குருவானவரிடம், சொன்னது. ஐயர் மேலே எழுதிப்போட்டேன் என்றார். மேலேயிருந்து ஜெபிக்கிறோம் என்று பதில் வந்தது. சுவர் இடுப்பளவிலேயே நின்றது. தொகை சின்னது, அதனால் பிற்காலத்தில் சிரிப்பாகச் சொல்லிக்கொள்வோம்.

இப்போது 2013-க்கு வாருங்கள். வெல்பி அந்த பிப்ரவரியில்தான் பதவி ஏற்றிருந்தார். பாதிக்கப்பட்டவர் ஒருவர் ஈலி மறைமாவட்டத்தில் சொன்னது ஆகஸ்டில் அவரிடம் வந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு கடிதம், போலீசுக்கு ஒரு தகவல், அதோடு கோப்பு மூடப்பட்டது. போலீசிடம் முறைப்படி புகார் பதிவாகவேண்டும் என்று யாரும் துரத்தவில்லை. பேராயரே கொடுத்திருக்க முடியும், கொடுத்திருக்கவும் வேண்டும் என்பது மேக்கினின் முடிவு. ஸ்மைத் அப்போது உயிரோடு கேப் டவுனில் இருந்தார். 2017-இல் சேனல் 4 தொலைக்காட்சி கதவைத் தட்டிக் கேட்ட பிறகுதான் ஊர் அறிந்தது. 2018 ஆகஸ்டில், இங்கிலாந்துப் போலீஸ் அவரை விசாரணைக்கு வரச்சொல்லியிருந்த நேரத்தில், செத்துப்போனார். பேராயர் காதுக்கு வந்ததற்கும் ஊர் அறிந்ததற்கும் நடுவில் மூன்றரை வருடம் இருந்தது, ஜே. அந்த மூன்றரை வருடத்தில் ஒரு தடவை ‘அந்த ஸ்மைத் விஷயம் என்ன ஆச்சு?’ என்று செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்ட பாவம் இதுதான்.

வெல்பி ஒருவர் சறுக்கியது என்றும் விட்டுவிட முடியவில்லை. பீட்டர் பால் விஷயத்தைப் பாருங்கள். குளோஸ்டர் பிஷப்பாக இருந்தவர். 1992-இல் ஓர் இளைஞர் அவர்மேல் பாலியல் புகார் கொடுத்தார். செய்தி வெளிவந்ததும் லாம்பெத் அரண்மனைக்கு, அதாவது பேராயர் ஜார்ஜ் கேரியின் அலுவலகத்துக்கு, இதேபோன்ற தகவல்களுடன் ஏழு கடிதங்கள் வந்தன. போலீசுக்குப் போனது ஒன்று. அதுவும் ஏழில் லேசானது. பால் ஓர் எச்சரிக்கையோடு தப்பித்து, பதவியை மட்டும் விட்டார், பிறகு ஆராதனை நடத்தவும் அனுமதி பெற்றார். சிறைக்குப் போனது 2015-இல். முதலில் புகார் கொடுத்தவர் அதைப் பார்க்க இல்லை, 2012-இலேயே தன்னை மாய்த்துக்கொண்டார்.

தலைமை மிஞ்சுமா என்று கேட்கிறீர்கள். இங்கிலாந்து திருச்சபையில் 42 மறைமாவட்டங்கள். ஒவ்வொரு பிஷப்பும் தன் எல்லைக்குள் ராஜா, கேன்டர்பரி பேராயர் நினைத்தாலும் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பிவிட முடியாது. குருவானவர்மேல் புகார் வந்தால் அதை வாங்குபவரும் பிஷப், அந்தக் குருவானவருக்கு ஆறுதல் சொல்லவேண்டிய தகப்பனும் அதே பிஷப். அதிகாரம் எல்லாரிடமும் இருக்கிறது, பொறுப்பைத் தேடிப்போனால் யார் வீட்டிலும் இல்லை. விசாரிக்கிற வேலையை முழுக்க வெளி ஆட்களிடம் கொடுத்துவிடலாமா என்று 2025 பிப்ரவரியில் திருச்சபையின் சட்டசபையான பொதுச் சங்கம் கூடியபோது, அதற்கு இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்று அரைகுறை ஏற்பாட்டுக்கு வாக்களித்தார்கள். வெல்பி விலக வேண்டும் என்று பதவியில் இருக்கும் பிஷப்புகளில் பகிரங்கமாகச் சொன்னவர் நியூகாசிலின் ஹெலன்-ஆன் ஹார்ட்லி ஒருவர்தான். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. நீங்கள் சொல்லும் கையெழுத்துக்காரர்கள் நாலு பேர் இல்லை, பத்தாயிரத்துக்கும் மேல். தொடங்கி வைத்தவர்கள் அதே பொதுச் சங்கத்தின் உறுப்பினர்கள்.

அப்புறம் அம்மா சொன்ன வசனம். அதைச் சொன்னது தாவீது, சவுலைப் பற்றி. குகைக்குள் தனியாக வந்த சவுலைக் கொல்ல மாட்டேன் என்றான். சரி. ஆனால் சால்வைத் தொங்கலை அறுத்துக்கொண்டு சும்மாவா போனான்? குகைக்கு வெளியே வந்து, ராஜாவின் ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, அந்தத் துணியைத் தூக்கிப் பிடித்து, நீர் செய்வது அநியாயம் என்று சத்தமாகச் சொன்னான். ‘கை போடாதே’ என்ற வசனத்தைச் சொல்லிக்கொடுக்கிற நம் ஐயர்மார் அந்தத் துணியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தாவீதே ராஜாவாகி உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டபோது நாத்தான் அரண்மனைக்கே போய் முகத்துக்கு நேரே கேட்டான்.

‘பிந்திப்போன’ என்று எழுதியபோது என் மனதில் இருந்தது 2024 டிசம்பர் 5 அன்று வெல்பி பிரபுக்கள் சபையில் பேசிய பிரியாவிடைப் பேச்சு. 1381-இல் கலகக்காரர்கள் தலையை வெட்டிக்கொன்ற அன்றைய பேராயர் சைமன் சட்பரியை நினைவுபடுத்தி, தலை உருளவேண்டிய நேரம் சில சமயம் வருகிறது என்றார். யாருக்காவது பரிதாபப்படுவதென்றால், பல மாதம் உழைத்துப் போட்ட நிகழ்ச்சி நிரல் வீணாகிப்போன தன் உதவியாளருக்காகப் பரிதாபப்படுங்கள் என்றார். அவையில் சிரிப்பு. கூட உட்கார்ந்திருந்த பிஷப்புகள் சிலரும் சிரித்தார்கள். அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டு அறிக்கை வந்தது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.