பழங்காடு வாங்கும்முன் தரையைப் பாருங்கள்

கேள்வி: தென் லண்டனில் குடியிருக்கிறோம். ஈஸ்ட் சசெக்ஸில் ஒரு பெரிய காட்டைத் துண்டு போட்டு விற்கிறார்கள். அதில் நான்கு ஏக்கர் வாங்கலாமா என்று நானும் கணவரும் யோசிக்கிறோம். பெரும்பாலும் ஸ்வீட் செஸ்ட்நட், நடுநடுவே ஓக். ‘ஏன்ஷியன்ட் வுட்லேண்ட்’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். புதர் மண்டிக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்து, வார இறுதியில் பிள்ளைகளோடு தங்க ஒரு மரக் குடில் கட்டி, கொஞ்சம் பழ மரங்களும் வைக்க ஆசை. இருக்கிற மரங்களில் ஒன்றைக்கூட வெட்டாமல் காப்பாற்ற வேண்டும் என்பதும் எங்கள் எண்ணம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சுத்தம் செய்வது, குடில், பழ மரம் ஆகிய மூன்றையும் கைவிட வேண்டியிருக்கும். வெட்டாமல் காப்பது நல்ல எண்ணம்தான். என்றாலும் செஸ்ட்நட் காட்டில் அதுவே காட்டுக்குக் கேடாக முடிகிறது. ஏன் என்று விளங்க, நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குறைந்தது 1600-ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் காடாக இருந்துவரும் நிலம்தான் ‘ஏன்ஷியன்ட் வுட்லேண்ட்’, அதாவது பழங்காடு. ஸ்காட்லாந்தில் 1750 என்று வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே தெரியும் மரத்தின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் பார்த்த செஸ்ட்நட் தண்டுகள் முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன் துளிர்த்தவையாக இருக்கலாம். அவை கிளம்பிய அடித்தூர் அதைவிடப் பல மடங்கு பழையது. அந்தத் தூர் நிற்கும் மண்ணோ குறைந்தது நானூறு வருஷமாக ஏர் படாதது. அதில் இருக்கும் பூஞ்சைகள், கிழங்குகள், உறங்கும் விதைகள் எல்லாம் சேர்ந்ததுதான் பழங்காடு. மரத்தை வெட்டினால் திரும்ப வரும், மண்ணைக் கெடுத்தால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் திரும்பாது.

அதனால் காட்டைப் பார்க்கப் போகும்போது தரையைப் பாருங்கள். ப்ளூபெல், காட்டுப்பூண்டு, டாக்ஸ் மெர்க்குரி, மஞ்சள் ஆர்க்கேஞ்சல், வுட் அனிமோனி இவை பல சேர்ந்து இருந்தால் விளம்பரத்தில் சொன்னது மெய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். வுட் அனிமோனி வெள்ளை நட்சத்திரம் மாதிரிப் பூக்கும் சின்னச் செடி. விதையால் பரவுவது அபூர்வம். மண்ணுக்கடியில் கிழங்கு நகர்ந்து நகர்ந்துதான் போகும். நூறு வருஷத்துக்கு ஏறக்குறைய ஆறடி என்பது கணக்கு. பன்னிரண்டடி அகலத்துக்கு ஒரு திட்டு கண்டீர்கள் என்றால், நடுவிலிருந்து விளிம்புக்கு வந்துசேர அதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கும். எல்லையோரமாகவும் நடந்து பாருங்கள். வெளிப்புறம் பள்ளம், உட்புறம் மண்மேடு, மேட்டின் மீது வயதான ஹார்ன்பீமோ ஓக்கோ நின்றால் அது பெரும்பாலும் இடைக்காலத்தில் மாடு உள்ளே வராமல் இருக்கப் போட்ட வரப்பு.

இதைக் காகிதத்திலும் சரிபார்க்கலாம். அரசின் ‘மேஜிக்’ வரைபடத் தளத்தில் பழங்காட்டுப் பட்டியல் இருக்கிறது, இலவசம். பழைய பட்டியலில் 2 ஹெக்டேருக்குக் குறைந்த காடுகளைச் சேர்க்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். தனியாக நிற்கும் சின்னக் காடு பட்டியலில் விடுபட்டிருந்தால் அதனாலேயே அது புதுக் காடு ஆகிவிடாது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களையும் பார்க்கலாம். அவற்றில் உங்கள் இடம் காடாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வில்லங்கம் பார்ப்பது சொலிசிட்டர் வேலை. ஆனால் வீடு வாங்கிக் கொடுத்துப் பழகிய சொலிசிட்டருக்குக் காட்டு நிலத்தில் எதைக் கேட்பது என்று பல நேரம் தெரிவதில்லை. நீங்களே கேட்கச் சொல்லுங்கள். சாலையிலிருந்து உங்கள் துண்டு வரை வண்டியில் போக எழுத்தில் உரிமை இருக்கிறதா, அது ‘காட்டு வேலைக்கு மட்டும்’ என்று சுருக்கப்பட்டிருக்கிறதா, பாதையைச் செப்பனிடும் செலவில் உங்கள் பங்கு என்ன என்பதை முதலில் கேளுங்கள். பாதை உரிமை இல்லாத காட்டுக்கு விலை பாதிகூடப் பெறாது. அடுத்தது வேட்டை உரிமை. நிலத்தை விற்றும் துப்பாக்கி உரிமையை முன்னாள் உரிமையாளர் தன்னிடமே வைத்துக்கொள்வது இங்கே சாதாரணம். அப்படி இருந்தால், நீங்கள் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்திலும் இன்னொருவர் துப்பாக்கியோடு உள்ளே வர உரிமை உள்ளவர். அதை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்காவிட்டால் நான் அந்தத் துண்டை வாங்கமாட்டேன். கனிம உரிமை, பொது நடைபாதை, மரப் பாதுகாப்பு ஆணை, எஸ்எஸ்எஸ்ஐ என்னும் சிறப்புப் பாதுகாப்பு, துண்டு போட்டு விற்பவர் விதிக்கும் நிபந்தனைகள் ஆகியவற்றையும் வரிசையாகக் கேளுங்கள். நிபந்தனைகளை முழுதாகப் படியுங்கள். மறுபடி பிரித்து விற்கக் கூடாது, மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது என்பவை பக்கத்துத் துண்டுக்காரரையும் கட்டுவதால் உங்களுக்கும் நல்லதே.

குடில் விஷயம். பழங்காட்டை ஈடுசெய்ய முடியாத வாழிடம் என்று திட்ட அனுமதிக் கொள்கை சொல்கிறது. மிக அரிதான காரணம் இருந்தால் தவிர அங்கே கட்டடத்துக்கு அனுமதி கிடைக்காது. தங்குவதற்கென்று கேட்டால் கவுன்சில் மறுத்துவிடும். காட்டு வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படும் கருவிக் கொட்டகைக்கு, கவுன்சிலுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து இசைவு பெறும் வழி உண்டு. நான்கு ஏக்கருக்கு அது தேவையா என்று அவர்கள் கேட்பார்கள். ஆண்டுக்கு 28 நாள் வரை கூடாரம் போட்டுத் தங்கலாம், உங்கள் பத்திர நிபந்தனையில் தடை இல்லை என்றால். பிள்ளைகளுக்கு அதுவே போதும். கூடாரத்தை எப்போதும் ஒரே இடத்தில், ப்ளூபெல் இல்லாத இடத்தில் போடுங்கள். ப்ளூபெல் இலை மிதிபட்டால் கிழங்குக்குச் சாப்பாடு கிடைக்காது. ஒரு வசந்தத்தில் பலர் நடந்த தடம் தேறப் பல வருஷம் ஆகும். நெருப்புக்கும் ஒரே இடம்தான். நெருப்பு மண்ணைச் சுட்டுவிடும், மிஞ்சும் சாம்பல் மண்ணுக்கு உரமேற்றும், உரமேறிய இடத்தில் காஞ்சொறி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மண்ணைக் கெடுக்கக் கூடாது என்ற இதே காரணத்துக்காகத்தான் பழ மரமும் வேண்டாம், வீட்டுத் தோட்டக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டவும் வேண்டாம். தோட்டக் குப்பையோடு ஸ்பானிஷ் ப்ளூபெல் வந்துவிடும். அது உள்ளூர் ப்ளூபெல்லோடு கலந்து இனத்தையே மாற்றிவிடும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. உள்ளூர்ப் பூவின் தண்டு ஒரு பக்கமாக வளைந்து தொங்கும், மகரந்தம் பாலாடை நிறம், வாசனை இருக்கும். ஸ்பானிஷ் நிமிர்ந்து நிற்கும், தண்டைச் சுற்றிலும் பூக்கும். நர்சரிக் கன்று வாங்கி நடுவதில் நோய் வரும் ஆபத்தும் உண்டு. ஆஷ் மரங்களைக் கருக்கும் பூஞ்சை நோய் 2012-இல் பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, இன்று அது நாட்டின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. பழங்காட்டில் வெளிச்சம் விழுந்தால் கன்று தானே வரும்.

சரி, புதர். நீங்கள் ‘மண்டிக் கிடக்கிறது’ என்று எழுதியது பெரும்பாலும் முட்பிளாக்பெரியும் ஹனிசக்கிள் கொடியும் ஹேசல் செடியுமாக இருக்கும். ஹேசல் டார்மவுஸ் என்ற சிறு பிராணி, கட்டைவிரல் நீளம்தான், கோடையில் அந்தக் கொடிகளிலேயே ஏறி இறங்கி வாழ்கிறது. ஹனிசக்கிள் பட்டையை உரித்துக் கூடு பின்னுகிறது. குளிர்காலத்தில் தரைக்கு இறங்கி, சருகுக்கடியிலோ தூரின் அடியிலோ சுருண்டு உறங்குகிறது. அதையும் அதன் கூட்டையும் சட்டம் பாதுகாக்கிறது. புதரை மொத்தமாக எடுத்தால் கோடையில் அதன் வீடு போகும், குளிர்காலத்தில் வண்டியை ஓட்டினால் அதன் உயிர் போகும். விழுந்த மரத்தையும் பட்டுப்போய் நிற்கும் மரத்தையும் அப்படியே விடுங்கள். மரங்கொத்தி, வௌவால், வண்டுகள் எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. எடுக்க வேண்டிய புதர் ரோடோடென்ட்ரான், செர்ரி லாரல் இரண்டும்தான். எப்போதும் பச்சையாக இருந்து தரையை இருட்டாக்குபவை அவை. கண்டால் தயங்காமல் எடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். செஸ்ட்நட், ஹேசல் காடுகளை மறுதாம்பு முறையில்தான் நூற்றாண்டுகளாக வளர்த்தார்கள். அடியோடு வெட்டுவார்கள், தூரிலிருந்து பல தண்டுகள் கிளம்பும், முதிர்ந்ததும் மறுபடி வெட்டுவார்கள். ஹேசலுக்கு ஏழு முதல் பத்து வருஷம், செஸ்ட்நட்டுக்குப் பன்னிரண்டு முதல் இருபது வருஷம். சஃபோக்கில் உள்ள பிராட்ஃபீல்ட் காட்டில் இப்படி வெட்டுவது 1252 முதல் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பகுதியில் வெட்டு விழுந்ததால், காட்டில் எங்காவது ஒரு மூலையில் எப்போதும் வெயில் இருந்தது. வயலட், ப்ரிம்ரோஸ், அவற்றை நம்பியிருக்கும் வண்ணத்துப்பூச்சிகள், இளம் தழைக்குள் கூடு கட்டும் நைட்டிங்கேல் எல்லாம் அந்த வெயில் சுற்றிவரும் வேகத்துக்குப் பழகியவை. வெட்டுவதை நிறுத்தி நாற்பது, ஐம்பது வருஷம் ஆனால் மேலே கூரை மூடிவிடும், கீழே வெறும் சருகு மிஞ்சும். தண்டுகள் கனத்துச் சாயும்போது பழைய தூரையே பிளந்து பெயர்த்துக்கொண்டு விழும்.

எனவே வெட்டுங்கள், ஆனால் கொஞ்சமாக. முதல் வருஷம் எதையும் தொடாதீர்கள். நான்கு பருவமும் பார்த்து, எந்தப் பூ எங்கே, எந்த மரத்தில் பொந்து, பேட்ஜர் என்னும் விலங்கின் வளை எங்கே என்று கையால் ஒரு வரைபடம் போடுங்கள். அப்புறம் கால் ஏக்கர், அரை ஏக்கர் அளவில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள், பறவைகள் கூடு கட்டும் முன்பு வேலை முடிய வேண்டும். தண்டைத் தரையை ஒட்டி, வெட்டுவாய் வெளிப்பக்கம் சரியும்படி அறுக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் தூர் அழுகும். ஓக் மரங்களை நிற்க விடுங்கள். முதல் கோடையில் பார்க்க வெறுமையாக இருக்கும், பயப்படாதீர்கள். இரண்டாம், மூன்றாம் வசந்தத்தில் மண்ணுக்குள் பல வருஷம் உறங்கிய வயலட்டும் ஃபாக்ஸ்க்ளவும் கிளம்பும்.

வெட்டிய துண்டுக்கு முதல் எதிரி மான். சசெக்ஸை உள்ளடக்கிய வீல்ட் பகுதி முழுக்க ரோ, ஃபாலோ என்னும் மான் வகைகள் இருக்கின்றன, மன்ட்ஜாக் என்னும் சிறு மானும் வந்துவிட்டது. இளந்தளிரை இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து மேய்ந்தால் தூர் செத்துப்போகும். வெட்டிய கிளைகளைத் தூர்களின் மேல் கவிழ்த்துப் போடுவது மலிவான வழி. மான் அதிகம் என்றால் அது போதாது, துண்டைச் சுற்றி வேலிதான். ஆகவே வெட்டுவதற்கு முன் வேலிச் செலவைக் கணக்கில் எடுங்கள். நான்கு ஏக்கரில் நீங்கள் மட்டும் மானைச் சமாளிக்க முடியாது, பக்கத்துத் துண்டுக்காரர்களோடு பேசித்தான் ஆக வேண்டும்.

அனுமதி விவரம்: ஒரு காலாண்டில் 5 கன மீட்டர் வரை உரிமம் இல்லாமல் வெட்டலாம், அதில் 2 கன மீட்டருக்கு மேல் விற்கக் கூடாது. மறுதாம்புத் தண்டு 1.3 மீட்டர் உயரத்தில் 15 செ.மீ. தடிமனுக்கு மேல் இல்லை என்றால் உரிமம் வேண்டாம். உங்கள் தண்டுகள் அதைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அரசின் வனத்துறையான ஃபாரஸ்ட்ரி கமிஷனிடம் உரிமம் கேளுங்கள், கட்டணம் இல்லை. உரிமமின்றி வெட்டினால் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. விண்ணப்பிக்கும்போதே அவர்களுடைய வன அலுவலரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். செயின்சாவை நீங்கள் எடுப்பதாக இருந்தால் பயிற்சி முடித்த பிறகுதான். இல்லையென்றால் வேலிக்கம்பு செய்யும் செஸ்ட்நட் வெட்டுக்காரர்கள் கென்ட்டிலும் சசெக்ஸிலும் இன்னும் இருக்கிறார்கள். நல்ல நேர்த்தியான தண்டாக இருந்தால் நிற்கும் மரத்துக்கே விலை கொடுத்து அவர்களே வெட்டிக்கொள்வார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. தென்கிழக்கில் சின்னத் துண்டுகள் ஏக்கருக்குப் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டுவது சகஜம். இங்கிலாந்தில் குடியிருப்பு அல்லாத நிலத்துக்கு 1,50,000 பவுண்டு வரை முத்திரை வரி கிடையாது. பொதுப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். உங்கள் மரம் பொது நடைபாதையில் விழுந்தால் பொறுப்பு உங்களுடையது. எல்லையோரம் நோயுற்ற ஆஷ் நின்றால், அதை இறக்கும் செலவை விசாரித்து விலையில் குறைக்கச் சொல்லுங்கள். இப்போதே கேட்டால்தான் குறைப்பார்கள்.

விற்பவர் அவசரப்படுத்தினாலும், ஒப்பந்தம் கைமாறும் வரை இங்கிலாந்துச் சட்டப்படி உங்களுக்கு எந்தக் கட்டும் இல்லை. அதற்குள் இரண்டு தடவை போய்வாருங்கள். நல்ல மழைக்குப் பிறகு ஒரு தடவை, உங்கள் காரிலேயே போனால் பாதையின் லட்சணம் தெரிந்துவிடும். ஏப்ரல் கடைசி வாரத்தில் இன்னொரு தடவை, ஒரு பூச்செடிக் கையேட்டோடு.